சேர்ந்து வாழக் கோர்ட்டு டிக்ரியா?

மாடு கட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டால் மாட்டுக்காரன் தேடிப்பிடித்து ஓட்டிவந்து தொழுவத்தில் கட்டுகிறான். கடன் வாங்கினவன் பணத்தைக் கொடாமல் இழுத்தடித்தால், கடன் கொடுத்தவன் கோர்ட்டுக்குப் போய் டிக்ரி வாங்கி, அமீனாவை அழைத்து வந்து அண்டா குண்டானை ஜப்தி செய்கிறான். இவை இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிகள். ஆனால், புருஷனோடு வாழப் பிடிக்காமல் ஒரு பெண் தன் தாய்வீட்டிற்கோ, தன் சம்பாத்தியத்தில் அமர்த்திக்கொண்ட தனி ஜாகைக்கோ போய்விட்டால், அவளைத் திருப்பி அனுப்பும்படி புருஷன் கோர்ட்டில் மனுப்போடலாம் என்பதும், ஜட்ஜு "நீ போய் அவனோடு சேர்ந்து வாழ்" என்று டிக்ரி கொடுக்கலாம் என்பதும், அவள் அதற்குக் கீழ்ப்படியாவிட்டால் அவள் சொத்தை ஜப்தி செய்யலாம் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாட்டுக்கும் கடனுக்கும் உள்ள சட்டத்தைப் பெண்ணுக்கும் வைத்திருக்கிறார்கள் என்று நாம் சொன்னால், சுயமரியாதைக்காரர்கள் எதையும் பெரிதாக்கிப் பேசுகிறவர்கள் என்று சிலர் சொல்லக்கூடும். ஆகவே சட்டத்தையே எடுத்துப் பார்ப்போம்.

சட்டம் சொல்லுவது என்ன?

1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டத்தின் 9-வது பிரிவு, புருஷனோ பெண்ஜாதியோ தக்க காரணமின்றி மற்றவரை விட்டு விலகியிருந்தால், விடப்பட்டவர் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்து வாழும் உரிமையை மீட்டுத் தரும்படி கேட்கலாம் என்கின்றது. இது இந்துக்களுக்கு மாத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு 1954-ம் வருஷத்துச் சட்டத்தில் 22-வது பிரிவு. கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் வருஷத்துச் சட்டத்தில் 32-வது பிரிவு. பார்சிகளுக்கு 1936-ம் வருஷத்துச் சட்டத்தில் 36-வது பிரிவு. முஸ்லிம்களுக்கு சிவில் வழக்கு. கடவுளைப் பற்றியும், சொர்க்கத்தைப் பற்றியும், தாடி குடுமியைப் பற்றியும் ஒத்துப்போகாத மதங்களெல்லாம், ஓடிப்போன பெண்ணைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவதில் மாத்திரம் எவ்வளவு ஒற்றுமையாயிருக்கின்றன பாருங்கள்!

"புருஷனோ பெண்ஜாதியோ என்று இருவரையும் சமமாகத்தானே சொல்லியிருக்கிறது?" என்று வக்கீல் நண்பர்கள் கேட்பார்கள். எழுத்தில் சமந்தான். ஆனால் கல்யாணம் ஆனவுடன் வீட்டை விட்டுப் போவது யார்? பெண்தானே? புருஷன் தான் பிறந்த வீட்டிலேயே இருக்கிறான். அவன் அடித்தாலும், குடித்துவிட்டு வந்தாலும், இன்னொருத்தியோடு உறவு வைத்திருந்தாலும் அவன் இடத்தை விட்டு நகருவதில்லை. தாங்காதவள்தான் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியேறுகிறாள். உடனே "விலகியவர்" என்கிற பட்டம் அவளுக்கு வந்துவிடுகிறது. அத்தோடு நின்றதா? 1976-ம் வருஷத்தில் இந்தப் பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள். தக்க காரணம் இருந்தது என்று ருஜுப்பிக்கும் பொறுப்பு விலகிப் போனவரையே சேர்ந்தது என்பது அந்த விளக்கம். அடி விழுந்தது நாலு சுவருக்குள். பார்த்தவர்கள் மாமியாரும் நாத்தியும். இவளுக்குச் சாட்சி சொல்ல யார் வருவார்கள்? ருஜுப்பிக்க முடியாவிட்டால், காரணமில்லாமல் ஓடினவள் என்று தீர்ப்பு.

டிக்ரியை நிறைவேற்றுவது எப்படி?

டிக்ரி கொடுத்துவிட்டால் போலீசார் வந்து பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்ப் புருஷன் வீட்டுத் திண்ணையில் இறக்குவார்களா என்றால், இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21-வது உத்தரவில் 32-வது விதி, டிக்ரிக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாதவருடைய சொத்தை ஜப்தி செய்யலாம் என்கின்றது. ஆறு மாதம் ஜப்தி நீடித்தும் அவர் கீழ்ப்படியாவிட்டால், கோர்ட்டார் சொத்தை விற்று, டிக்ரி பெற்றவருக்குத் தக்க நஷ்டஈடு கொடுக்கலாம். அதாவது, தகப்பன் போட்ட நகையையோ, தன் உழைப்பில் வாங்கின வீட்டுமனையையோ வைத்திருக்கும் பெண், ஒன்று தன் உடம்பைக் கொண்டுபோய் அவனிடம் ஒப்புவிக்கவேண்டும். இல்லையேல் தன் சொத்தைப் பறிகொடுக்கவேண்டும்.

சரி, புருஷன் மேல் பெண்ஜாதி டிக்ரி வாங்கினால் அவனுக்கும் இதே கதிதானா என்றால், அங்கேதான் அடுத்த 33-வது விதி வருகின்றது. புருஷனுக்கு விரோதமான டிக்ரியாயிருந்தால், அவன் கீழ்ப்படியாத பட்சத்தில் பெண்ஜாதிக்கு இவ்வளவு பணம் தவணை தவணையாகக் கொடுத்து வரவேண்டும் என்று கோர்ட்டார் உத்தரவு செய்யலாம். ஆண்பிள்ளை சேர்ந்து வாழ இஷ்டமில்லை என்றால் பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாயிருக்க ஒரு தனி வழி. பெண்பிள்ளை இஷ்டமில்லை என்றால் அவளுக்கு அப்படி ஒரு வழி கிடையாது, ஜப்திதான். 9-வது பிரிவில் எழுதிய சமத்துவம் 33-வது விதிக்கு வருவதற்குள் எங்கே போய்விட்டது என்று கேட்கின்றோம்.

ஆனால், நகையும் நிலமும் இல்லாத ஏழைப் பெண்ணை இந்த ஜப்தி என்ன செய்துவிடும் என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. இந்த டிக்ரியின் உபயோகமே வேறு. பிரிந்திருக்கும் பெண் ஜீவனாம்சம் கேட்டு மனுப்போட்டாள் என்றால், புருஷனுடைய வக்கீல் உடனே ஒரு "சேர்ந்து வாழும்" மனுவை எழுதி நீட்டுகிறார். அதுவரை அவள் செத்தாளா பிழைத்தாளா என்று கேளாதவனுக்கு, ஜீவனாம்ச சம்மன் கைக்கு வந்த அன்றைக்கு அவள்மேல் அளவுகடந்த ஆசை வந்துவிடுகின்றது! மனு நடந்து டிக்ரியும் ஆகிவிட்டால், "வா என்று கோர்ட்டே சொல்லியும் வராதவளுக்கு நான் ஏன் சோறு போடவேண்டும்?" என்று வாதிக்கிறான். இந்த வாதத்தை ஒப்புக்கொண்டு பெண்களின் வயிற்றில் அடித்த கோர்ட்டுகள் உண்டு. 2025-ம் வருஷம் ஜனவரி மாதத்தில்தான் சுப்ரீம் கோர்ட்டு, இப்படி ஒரு டிக்ரி இருப்பதனாலேயே பெண்ணுக்கு ஜீவனாம்சம் இல்லை என்று சொல்லிவிட முடியாது, அவள் போக மறுத்ததற்குக் காரணம் இருந்ததா என்று பார்க்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால், பசித்தவளுடைய கஞ்சிக்கு மறியல் செய்யும் ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு, மறியல் செய்தால் மாத்திரம் தப்பு என்று சொல்லுவதைவிட அந்தச் சட்டத்தையே எடுத்தெறிந்தால் என்ன?

இன்னொரு உபயோகம் விவாகரத்து. சேர்ந்து வாழும்படி டிக்ரி ஆன பிறகு ஒரு வருஷம் சேராமலிருந்துவிட்டால், அதையே காரணமாகக் காட்டி இருவரில் யார் வேண்டுமானாலும் விவாகரத்துக் கேட்கலாம். சேர்த்து வைப்பதற்கு என்று ஏற்பட்ட சட்டம் பிரித்து வைப்பதற்கு ஏணியாயிருக்கிறது! 1984-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்த ஒரு வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சேர்ந்து வாழ மனுப்போட்டது பெண்ஜாதி. புருஷன் கோர்ட்டுக்கு வந்து "சம்மதம்" என்று சொல்லி டிக்ரிக்கு ஒப்புக்கொண்டான். ஒரு வருஷம் கழிந்ததும், "டிக்ரிக்குப் பிறகு நாங்கள் சேரவில்லை, ஆகையால் விவாகரத்து வேண்டும்" என்று மனுப்போட்டான். சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய் அவனுக்கு விவாகரத்துக் கிடைத்தது. அதே தீர்ப்பில்தான் 9-வது பிரிவு குடும்பம் சிதறாமல் காப்பாற்றும் சமூக நோக்கம் கொண்டது, அரசியல் சட்டத்திற்கு விரோதமல்ல என்றும் சொல்லப்பட்டது. குடும்பத்தைக் காப்பாற்றிய இலட்சணம் அந்த வழக்கிலேயே தெரியவில்லையா?

எங்கிருந்து வந்த சரக்கு?

நிற்க, "இது நம் புண்ணிய பூமியின் பண்பாடு, சீதை சாவித்திரி காலத்திலிருந்து வந்த தர்மம், இதில் கை வைக்கலாமா?" என்று வைதீகர்கள் கூச்சல் போடுகிறார்கள். இவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகிறோம். மனுதர்மத்தில் பெண்ணை அடிமைப்படுத்த வேண்டிய அளவு சரக்கு இருக்கின்றது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த 9-வது பிரிவு மாத்திரம் மனுவின் சொத்தல்ல. இது இங்கிலாந்து தேசத்துப் பாதிரிக் கோர்ட்டுகளின் சரக்கு. அங்கே கல்யாண வியாஜ்ஜியங்களைப் பாதிரிமார் விசாரித்த காலத்தில், விலகியிருக்கும் புருஷனையோ பெண்ஜாதியையோ சேரும்படி உத்தரவு போடுவார்கள். மீறினால் மதத்தை விட்டு விலக்குவார்கள். 1813-ம் வருஷத்தில் மத விலக்குக்குப் பதிலாக ஆறு மாதம் வரை ஜெயில் என்று ஆக்கினார்கள். 1857-ல் பாதிரிக் கோர்ட்டிலிருந்து சர்க்கார் கோர்ட்டுக்கு மாற்றினார்கள். 1867-ம் வருஷத்தில் ஒரு முஸ்லிம் தம்பதிகளின் வழக்கில், இத்தகைய வழக்கு இந்தியாவிலும் செல்லும் என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இப்படிக் கப்பலேறி வந்த பாதிரிச் சட்டத்தைத்தான் நம் சனாதனிகள் விபூதியும் நாமமும் போட்டு, பாரத தர்மம் என்று தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள்.

இந்தச் சட்டத்தின் கொடுமையை முதன்முதலில் உலகமறியச் செய்தவர் ஒரு பெண்மணி. பம்பாயைச் சேர்ந்த ருக்மாபாய் அம்மையார் 1864-ம் வருஷத்தில் பிறந்தவர். பதினோராம் வயதில் அவருக்குத் தாதாஜி பிகாஜி என்பவரோடு விவாகம் செய்து வைத்துவிட்டார்கள். அம்மையார் தாய்வீட்டிலேயே இருந்து படித்தார். வயது வந்து விஷயம் தெரிந்ததும், அறியாத வயதில் தம் சம்மதமில்லாமல் செய்த கல்யாணம் தம்மைக் கட்டுப்படுத்தாது, அவரோடு வாழ இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டார். 1884-ம் வருஷத்தில் புருஷன் பம்பாய் ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார். 1885-ல் ஜட்ஜு பின்ஹே என்னும் வெள்ளைக்காரர், இஷ்டமில்லாத பெண்ணை ஒருவனிடம் கட்டாயமாய் ஒப்படைப்பது காட்டுமிராண்டித்தனம் என்றும், இப்படிப்பட்ட வழக்குக்கு இந்து சாஸ்திரத்தில் இடமில்லை என்றும் சொல்லித் தள்ளிவிட்டார். உடனே இந்து மதம் அழிந்துவிட்டதாக ஒப்பாரி கிளம்பிற்று. தேசபக்த சிகாமணி என்று சொல்லப்படும் திலகரின் பத்திரிகைகள் அந்த அம்மையாரைத் தாக்கின. அப்பீல் நடந்து வழக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, 1887-ம் வருஷம் மார்ச்சு மாதம், ஒரு மாதத்திற்குள் புருஷன் வீட்டுக்குப் போகவேண்டும், தவறினால் ஆறு மாதம் ஜெயில் என்று தீர்ப்பாயிற்று. ருக்மாபாய் அம்மையார் என்ன செய்தார்? காலில் விழுந்தாரா? அழுதுகொண்டே மாமியார் வீட்டுக்குப் போனாரா? ஜெயிலுக்குப் போகிறேன் என்றார்! இருபத்திரண்டு வயதுப் பெண் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குச் சர்க்காரும் சாஸ்திரிகளும் பதில் சொல்ல முடியாமல் விழித்தார்கள். கடைசியில் 1888-ம் வருஷத்தில் புருஷன் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு டிக்ரியை விட்டுக்கொடுத்தார். தாம்பத்திய உரிமை என்று கூவினார்களே, அதன் விலை 2,000 ரூபாய்! அம்மையார் லண்டனுக்குப் போய் டாக்டர் படிப்புப் படித்துவந்து, சூரத்திலும் ராஜகோட்டிலும் முப்பது வருஷத்திற்கு மேல் பெண்களுக்கு வைத்தியம் செய்தார். அன்று டிக்ரிக்குக் கீழ்ப்படிந்திருந்தால் நாட்டுக்கு ஒரு டாக்டர் குறைந்து, அடுப்படிக்கு ஒரு அடிமை கூடியிருக்கும்.

இங்கிலாந்தின் யோக்கியதையையும் மறைக்கவேண்டியதில்லை. அங்கே வெல்டன் என்னும் அம்மையார் தம் புருஷன்மேல் இதே டிக்ரியை வாங்கினார். புருஷன் கீழ்ப்படியவில்லை. சட்டப்படி அவர் ஜெயிலுக்குப் போகவேண்டும். ஒரு கனவான் ஜெயிலுக்குப் போவதா என்று பதறிப்போய், 1884-ம் வருஷத்தில் பார்லிமெண்டார் ஜெயில் தண்டனையை எடுத்துவிட்டார்கள். ஆண்பிள்ளைக்கு ஜெயில் என்றதும் இங்கிலாந்தில் சட்டம் மாறிற்று. மூன்று வருஷம் கழித்து இந்தியப் பெண்ணுக்கு ஜெயில் என்றபோது சட்டம் மாறவில்லை. நம் நாட்டில் அந்தத் தண்டனையை எடுப்பதற்கு 1923-ம் வருஷம் வரையில் ஆயிற்று. பின்னர் 1970-ம் வருஷத்தில் இங்கிலாந்தார் இந்த வழக்கையே ஒழித்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 1975-லும், தென்னாப்பிரிக்காவில் 1979-லும், ஐர்லாந்தில் 1988-லும் ஒழித்துவிட்டார்கள். சரக்கை உண்டாக்கினவனே குப்பையில் கொட்டிவிட்டான். நாம் பொறுக்கி வந்து பூஜை செய்கின்றோம். 1955-ம் வருஷம் ருக்மாபாய் அம்மையார் காலமானார். அதே 1955-ம் வருஷத்தில்தான், அவர் எதிர்த்து நின்ற அந்தச் சட்டத்தைச் சுதந்திர இந்தியாவின் பார்லிமெண்டார் இந்து விவாகச் சட்டத்தில் ஒன்பதாவது பிரிவாக எழுதி வைத்தார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் விட்டுப்போன விலங்கு மாத்திரம் நமக்கு ஆபரணமாகத் தோன்றிற்று.

உடம்பு யாருடையது?

இந்த விஷயத்தில் மூடி மறைக்காமல் பேசவேண்டிய சங்கதி ஒன்று உண்டு. சேர்ந்து வாழ் என்று கோர்ட்டு சொன்னால், சேர்ந்து சமையல் செய் என்பது மாத்திரம் அர்த்தமா? ஒரே படுக்கைக்குப் போ என்பதுதான் அதன் உள் அர்த்தம் என்பது ஜட்ஜுக்கும் தெரியும், வக்கீலுக்கும் தெரியும், வீதியில் போகிறவனுக்கும் தெரியும். 1983-ம் வருஷத்தில் நடிகை சரிதா அவர்களின் வழக்கில், ஆந்திர ஐகோர்ட்டு ஜட்ஜு பி. ஏ. சௌதுரி அவர்கள் இதைத்தான் பச்சையாக எடுத்துச் சொன்னார். யாரோடு, எப்போது கூடுவது, பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைப் பெண்ணிடமிருந்து பறித்துச் சர்க்கார் கையில் கொடுக்கிறது இந்தப் பிரிவு, ஆகவே இது செல்லாது என்று தீர்ப்பளித்தார். அதே வருஷத்தில் டில்லி ஐகோர்ட்டில் இன்னொரு ஜட்ஜு இதற்கு நேர்மாறாக, வீட்டுக்குள் அரசியல் சட்டத்தைக் கொண்டுவருவது பீங்கான் கடைக்குள் காளையை விடுவது போலாகும் என்று சொன்னார். அடுத்த வருஷம் சுப்ரீம் கோர்ட்டு டில்லிக் கட்சியை ஒப்புக்கொண்டது.

பீங்கான் கடைக்குள் காளை என்றால், அந்தக் கடைக்குள் காளையை விட்டது யார் என்று கேட்கின்றோம். பிடிக்கவில்லை என்று பெண் விலகிப்போனபோது கடை அமைதியாய்த்தான் இருந்தது. சம்மனும் டிக்ரியும் ஜப்தியும் கொண்டு உள்ளே நுழைந்தது 9-வது பிரிவல்லவா? அடக்குவதற்குச் சட்டம் வீட்டிற்குள் வரலாம். விடுவிப்பதற்கு மாத்திரம் வரக்கூடாதோ?

இன்னும் கேளுங்கள். 2024-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் அமுலிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவு, பதினெட்டு வயதான தன் பெண்ஜாதியைப் புருஷன் பலவந்தப்படுத்தினால் அது பலாத்காரக் குற்றமாகாது என்று விலக்கு அளிக்கின்றது. ஆனால் அதே சட்டத்தின் 67-வது பிரிவு, பெண்ஜாதி பிரிந்து வாழும்போது அவள் சம்மதமின்றிப் புருஷன் கூடினால் இரண்டு வருஷத்திற்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை தண்டனை என்கின்றது. இரண்டையும் 9-வது பிரிவோடு சேர்த்துப் படியுங்கள். பிரிந்திருக்கும் வரையில் பெண்ணின் உடம்புக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. கோர்ட்டு உத்தரவுக்குப் பயந்து புருஷன் வீட்டு வாசற்படியைத் தாண்டிய அந்த நிமிஷமே அந்தப் பாதுகாப்பு போய்விடுகின்றது. நேற்று வரை குற்றமாயிருந்த காரியம் இன்று உரிமையாகிவிடுகின்றது. அந்தப் பாதுகாப்பான இடத்திலிருந்து அவளைக் கிளப்பி இந்த இடத்திற்கு அனுப்புவது யார்? நீதி வழங்க உட்கார்ந்திருக்கும் கோர்ட்டு! இதைவிட அக்கிரமம் வேறென்ன வேண்டும்?

உடம்போடு உழைப்பையும் கேட்கிறார்கள். வேலை பார்க்கும் பெண் ஒரு ஊரிலும் புருஷன் ஒரு ஊரிலும் இருந்தால், வேலையை விட்டுவிட்டு வா என்பது புருஷனின் மனு. 1977-ம் வருஷத்தில் பஞ்சாப் ஹரியானா ஐகோர்ட்டின் முழு பெஞ்சு, உபாத்தியாயினியான ஒரு பெண் தன் வேலையை விட மறுத்த வழக்கில் புருஷன் பக்கமே தீர்ப்பளித்தது. மறு வருஷம் டில்லி ஐகோர்ட்டு, வேறொரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையின் வழக்கில், குடும்பம் எங்கே நடப்பது என்று முடிவு செய்ய ஆணுக்கு மாத்திரம் உரிமை உண்டென்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்றது. ஒரு பெண்ணின் ஜீவனோபாயம் எந்த ஐகோர்ட்டு எல்லைக்குள் அவள் இருக்கிறாள் என்பதைப் பொறுத்ததாயிருந்தால், அதற்கு நீதி என்று பெயரா, லாட்டரிச் சீட்டு என்று பெயரா?

சில ஆட்சேபணைகள்

"இந்தச் சட்டத்தை எடுத்துவிட்டால் குடும்பங்கள் சிதறிப்போகுமே" என்கிறார்கள். இங்கிலாந்தில் 1970 முதல் இது இல்லை. அங்கே யாரும் குடும்பம் நடத்தவில்லையா? ஜப்திக்குப் பயந்து சேர்ந்திருப்பது குடும்பமா, ஜெயிலா? அன்பினால் சேராத இரண்டு பேரை அமீனாவினால் சேர்த்துவிட முடியுமா?

"பெண்களுந்தானே இந்த மனுவைப் போடுகிறார்கள்" என்கிறார்கள். போடுகிறார்கள், நாம் இல்லையென்று சொல்லவில்லை. ஏன் போடுகிறார்கள்? துரத்தப்பட்டவளுக்குத் தங்க வீடும் தின்னச் சோறும் வேண்டும். அதற்கு இது ஒரு வழி என்று வக்கீல் சொல்லிக் கொடுக்கிறார். அந்த வீட்டையும் சோற்றையும் நேராகக் கேட்பதற்கே வழி இருக்கின்றது. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம், தான் வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமையைப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறது. ஜீவனாம்சத்திற்கும் தனிச் சட்டம் உண்டு. அவற்றை ஒழுங்காகவும் காலதாமதமில்லாமலும் நடத்துங்கள். சோறு வேண்டுமானால் அவனோடு படு என்கிற பேரம் எதற்கு?

"குழந்தைகளின் கதி என்ன?" என்கிறார்கள். குழந்தை யாரிடம் இருப்பது, யார் செலவு கொடுப்பது என்பதற்குச் சட்டம் தனியே இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அம்மா கோர்ட்டு உத்தரவுக்காக அப்பாவோடு இருக்கிறாள் என்று தெரிந்து வளரும் பிள்ளைக்கு அந்த வீடு என்ன பாடம் சொல்லிக் கொடுக்கும்?

"மறுபடியும் யோசிக்க அவகாசம் கிடைக்கிறதே" என்பார்கள். சமாதானம் பேசுவதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. குடும்பக் கோர்ட்டுகளில் அதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இருவரும் இஷ்டப்பட்டு உட்கார்ந்து பேசுவது வேறு. ஒருவர் கையில் டிக்ரியைக் கொடுத்து மற்றவர் தலைமேல் தொங்கவிடுவது வேறு.

நம்மவர்களுக்கு

இனி நம் இயக்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. புரோகிதனும் தாலியும் இல்லாமல், வாழ்க்கைத் துணை ஒப்பந்தம் செய்துகொண்டோம், ஆகவே இந்த 9-வது பிரிவு நம்மைத் தொடாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1967-ம் வருஷத்தில் அண்ணாதுரை அவர்கள் மந்திரிசபை சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லும்படியாக்கியது, இந்து விவாகச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவைச் சேர்த்துத்தான். ஆகவே அந்தச் சட்டத்தின் மற்றப் பிரிவுகளெல்லாம் நமக்கும் பொருந்தும். மேடையில் மாலை மாற்றிக்கொண்டு, இருவரும் சமம், இருவரும் நண்பர்கள் என்று உறுதி சொன்னவன், நாளை 9-வது பிரிவில் மனுப்போட்டால் சட்டம் அவனுக்கும் டிக்ரி கொடுக்கும். ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டு அடிமைச்சீட்டுக்கு டிக்ரி கேட்கிறவன் எத்தனை மாநாட்டுக்குப் போயிருந்தாலும், எவ்வளவு கருப்புச் சட்டை போட்டிருந்தாலும், அவன் சுயமரியாதைக்காரன் அல்ல என்பது நமது அபிப்பிராயம்.

1929-ம் வருஷம் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டிலேயே, பெண்களுக்கு ஆண்களைப் போல் சொத்துரிமை வேண்டும் என்றும், விவாக ஒப்பந்தத்தை விட்டு விலகிக்கொள்ள இருவருக்கும் உரிமை வேண்டும் என்றும் தீர்மானம் செய்தோம். அன்றைக்கு நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். குடும்பத்தைக் கெடுக்க வந்தவர்கள் என்றார்கள். சொத்துரிமை 1989-ம் வருஷத்தில் தமிழ்நாட்டுச் சட்டமாயிற்று. 2005-ல் இந்தியா முழுமைக்கும் சட்டமாயிற்று. விவாகரத்து உரிமை 1955-ல் வந்தது. விலகிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்த அதே சட்டத்தில், விலகினவளைப் பிடித்து இழுக்கும் கயிற்றையும் வைத்திருப்பதுதான் இன்னும் அறுபடாமலிருக்கிறது.

இதை அறுப்பது முடியாத காரியமல்ல. 2017-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது ஜட்ஜுகள் கொண்ட பெஞ்சு, தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்வது ஒவ்வொருவருடைய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2018-ல் மத்திய சர்க்காரின் சட்டக் கமிஷனே தன் ஆலோசனை அறிக்கையில் இந்தப் பிரிவுகளை எடுத்துவிடலாம் என்று எழுதிற்று. 2019-ல் குஜராத்திலுள்ள சட்டக் கல்லூரி மாணவர்கள் இது செல்லாது என்று சொல்லக்கோரி சுப்ரீம் கோர்ட்டில் மனுப்போட்டார்கள். பார்லிமெண்டு செய்யட்டும் என்று தமிழ்நாடு காத்திருக்கவும் வேண்டியதில்லை. விவாகம், விவாகரத்து ஆகியவை மத்திய சர்க்காரும் மாகாண சர்க்காரும் இருவரும் சட்டம் செய்யக்கூடிய பட்டியலில் உள்ளவை. 1967-ல் 7-ஏ சேர்த்தது போலவும், 1989-ல் சொத்துரிமை கொடுத்தது போலவும், நம் சட்டசபையே 9-வது பிரிவை நீக்கி மசோதா நிறைவேற்றி, ஜனாதிபதியின் சம்மதம் பெறலாம். ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரையும், பெண்ணுரிமை பேசுகிற ஒவ்வொரு கட்சியையும், இதைச் செய்வாயா மாட்டாயா என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

சட்டம் வரும்வரையில் நாம் செய்யவேண்டியதும் உண்டு. கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே, ஊர்ப் பெரியவர்கள் என்கிற பெயரில் கூடி, "எதுவாயிருந்தாலும் நீதான் பொறுத்துப் போகவேண்டும்" என்று பெண்ணைத் திருப்பி அனுப்புகிறோமே, அதுவும் டிக்ரிதான். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த மகளை, "வாழாவெட்டி என்று பேர் வரும்" என்று மறுநாளே பஸ் ஏற்றிவிடும் தகப்பனும் ஜப்தி அமீனாதான். கோர்ட்டுக்காவது சம்மன் உண்டு, வாய்தா உண்டு, அப்பீல் உண்டு. தகப்பன் வீட்டுக் கதவு சாத்திவிட்டால் அதற்கு எந்த அப்பீலும் கிடையாது. ஆகவே, வந்த மகளை ஏன் வந்தாய் என்று கேளாமல் முதலில் உள்ளே அழைத்துச் சோறு போடுங்கள். சம்மன் வந்தால் பயந்து ஒளிந்துகொள்ளாமல் நல்ல வக்கீலை வைத்துப் பதில் மனுப்போடச் செய்யுங்கள். ஆஜராகாமல் விட்டுவிட்டால் ஒருதலையாக டிக்ரி ஆகிவிடும். இனாம் வக்கீல் கேட்கப் பெண்களுக்குச் சட்ட உதவிக் குழுவில் உரிமை உண்டு என்பதையும் ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

ஆண்மக்களே! பிடிக்கவில்லை என்று போனவளைப் போகவிடுவதில் உங்களுக்கு என்ன அவமானம்? கோர்ட்டுக் கூண்டில் ஏறி, "இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை, ஆனாலும் எனக்கு இவளைக் கட்டாயப்படுத்திக் கொடுங்கள்" என்று பத்துப் பேருக்கு முன் பிச்சை கேட்பதைவிட மானக்கேடு வேறு உண்டா? நூற்று முப்பது வருஷத்திற்கு மேலாகிறது, ஒரு பெண் ஜெயிலுக்குப் போகிறேன், அவன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று சொல்லி. அந்த வார்த்தையை இன்னொரு பெண் சொல்லவேண்டிய அவசியமில்லாத நாடாக இதைச் செய்யவேண்டியது நம் கடமையா இல்லையா என்பதை யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.